விண்டோஸ் 11க்கு மாறியபின் ஓயாமல் வரும் அனுமதிப் பெட்டிகள்: ஸ்லைடரைத் தொடாமல் நிறுத்திய வேலை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று நின்றுபோனதும் வீட்டுக் கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறியது. ஏறிய கையோடு அதிகம் காதில் விழும் புகார், "எதைத் தொட்டாலும் பர்மிஷன் கேட்குது" என்பது. அதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியமும் ஒன்றுதான்: யூஏசி (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல், கணினியில் மாற்றம் செய்யும் முன் அனுமதி கேட்கும் விண்டோஸ் ஏற்பாடு) ஸ்லைடரை அடிமட்டம்வரை இழுத்து விடு. இழுத்துப் பார்த்தால் சில பெட்டிகள் நிற்கும், சில நிற்காது. நிற்காதவற்றுக்கும் யூஏசிக்கும் சம்பந்தமே கிடையாது. நின்றவையோ ஒரு கோளாறைக் காட்டிக்கொண்டிருந்தவை. கோளாறு அப்படியே இருக்க, காட்டுவதை மட்டும் நிறுத்தியாயிற்று.

கீழே இருப்பது ஸ்லைடரைத் தொடாமலேயே பெட்டிகளைக் குறைத்த வேலையின் பதிவு. கணினியின் அமைப்பு: எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவிய விண்டோஸ் 11, அதுதான் சி டிரைவ். பழைய விண்டோஸ் காலத்து ஹார்டு டிஸ்க் ஃபார்மேட் செய்யாமல் டி டிரைவாக மாட்டப்பட்டது. மாற்று இல்லாத ஒரு பழைய 32 பிட் கணக்கு மென்பொருள். பக்கத்து கணினியிலிருந்து ஷேர் செய்த பிரின்டர். ஒரு அட்மின் கணக்கு, ஒரு சாதாரணக் கணக்கு.

பழைய விண்டோஸின் மேலேயே அப்கிரேடு செய்திருந்தால், டி டிரைவ் பற்றிய பகுதி பெரும்பாலும் தேவைப்படாது. அப்கிரேடில் பழைய பயனர் கணக்குகள் அப்படியே தொடரும். புதிதாக நிறுவும்போது பெயர் ஒன்றாகவே வைத்தாலும் விண்டோஸுக்கு அது வேறு ஆள்.

பெட்டியைப் படிப்பது

எல்லாவற்றையும் பர்மிஷன் பெட்டி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். திரையில் வருபவை வெவ்வேறு. திரை முழுதும் மங்கி, "இந்த ஆப் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா" என்று நடுவில் கேட்டால் அது யூஏசி. திரை மங்காமல் ஃபோல்டரின் மேலேயே சின்னப் பெட்டி வந்து, "கன்டினியூ" பட்டனில் கேடயப் படம் இருந்தால் அது கோப்பு அனுமதி. "விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி" என்று நீலப் பெட்டி வந்தால் ஸ்மார்ட்ஸ்கிரீன், அதாவது அறிமுகமில்லாத நிரலை எச்சரிக்கும் விண்டோஸ் காவல். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு "நெட்வொர்க் கிரெடென்ஷியல்ஸ்" என்று வந்தால் அது இன்னொரு கணினி கேட்கும் கேள்வி. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது.

யூஏசி பெட்டியில் "யெஸ்" அழுத்தும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது தலைப்பட்டையின் நிறம். நீலம் என்றால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கப்பட்டது; மஞ்சள் என்றால் கையெழுத்து இல்லை, "பப்ளிஷர்: அன்நோன்". பழைய நல்ல மென்பொருள்கள் பலவும் மஞ்சளில்தான் வரும், அதனால் மஞ்சளைக் கண்டதும் பதற வேண்டாம். இரண்டாவது, "ஷோ மோர் டீடெயில்ஸ்" அழுத்தினால் தெரியும் ப்ரோகிராம் லொகேஷன். ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருந்து வந்தால் ஒரு கதை. டெம்ப் அல்லது டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து, நீங்கள் எதையும் திறக்காத நேரத்தில் வந்தால் வேறு கதை. இரண்டாவதற்கு "நோ" தவிர வேறு பதில் இல்லை.

ஓரிரு நாள் வழக்கம்போலக் கணினியைப் பயன்படுத்தி, பெட்டி வரும்போதெல்லாம் நிரலின் பெயர், இருக்கும் இடம், என்ன செய்தபோது வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பட்டியலைப் பார்த்தால் இரண்டு மூன்று நிரல்கள்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியவரும்.

யூஏசி என்ன செய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம், பின்னால் வரும் பாதி விஷயங்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. அட்மின் கணக்கில் லாகின் ஆகும்போது விண்டோஸ் இரண்டு டோக்கன்கள் (அதிகாரச் சீட்டுகள்) தயாரிக்கிறது: முழு அதிகாரம் உள்ளது ஒன்று, அதிகாரம் வடிகட்டப்பட்டது இன்னொன்று. டெஸ்க்டாப்பும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் நாம் திறக்கும் எல்லா நிரல்களும் வடிகட்டிய டோக்கனில்தான் ஓடுகின்றன. "யெஸ்" அழுத்தினால் அந்த ஒரு நிரல் மட்டும் முழு டோக்கனுக்கு மாறும். ஆக, அட்மின் கணக்கில் இருந்தாலும் சாதாரண நேரத்தில் நீங்கள் அட்மின் இல்லை. "நான்தானே அட்மின், என்னையே ஏன் கேட்கிறது" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

கை வைக்கும் முன்

அனுமதிகளில் கை வைக்கும்போது இருக்கும் ஒரே அட்மின் கணக்கை முடக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது நடந்தால் யூஏசி பெட்டியில் "யெஸ்" பட்டன் மங்கிக் கிடக்கும், பாஸ்வேர்டு போட இடமும் இருக்காது. அதனால் முதல் வேலை, இரண்டாவதாக ஒரு அட்மின் கணக்கு. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் "ஆட் அக்கவுன்ட்" கொடுத்து, அந்த நபரின் சைன்-இன் தகவல் இல்லை என்பதைத் தேர்ந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்க்கும் வழியில் போகவும். உருவானதும் "சேஞ்ச் அக்கவுன்ட் டைப்" மூலம் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, பாஸ்வேர்டை எழுதிப் பத்திரப்படுத்தவும். அன்றாடம் அதில் லாகின் ஆக வேண்டியதில்லை.

விண்டோஸோடு வரும், முடக்கி வைக்கப்பட்டிருக்கும் "அட்மினிஸ்ட்ரேட்டர்" கணக்கை உயிர்ப்பித்து அதையே தினமும் பயன்படுத்துவது இன்னொரு பிரபலமான யோசனை. அந்தக் கணக்கில் இயல்பாக யூஏசி பெட்டி வராது என்பது உண்மை. அதில் திறக்கும் பிரவுசரும், மெயிலில் வந்த இணைப்பும்கூட முழு அதிகாரத்தோடு ஓடும் என்பதும் அதே அளவு உண்மை.

டி டிரைவ்: பழைய ஆளின் பெயரில் இருக்கும் ஃபோல்டர்கள்

டி டிரைவில் பழைய "யூசர்ஸ்" ஃபோல்டருக்குள் பழைய கணக்கின் ஃபோல்டரைத் திறந்தால், அனுமதி இல்லை, நிரந்தர அனுமதி பெற "கன்டினியூ" அழுத்தவும் என்கிறது. ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி டேப் பார்த்தால், பெயருக்குப் பதிலாக "அக்கவுன்ட் அன்நோன்" என்றும் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணும் இருக்கும். அதுதான் பழைய கணக்கின் எஸ்ஐடி, அதாவது விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் தரும் அடையாள எண். என்டிஎஃப்எஸ் (டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்க விண்டோஸ் பயன்படுத்தும் முறை) அனுமதிப் பட்டியலில் எழுதி வைப்பது பெயரை அல்ல, இந்த எண்ணை. பழைய விண்டோஸோடு அந்தக் கணக்கு போய்விட்டதால் எண்ணுக்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை.

அதே பட்டியலில் "அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்: ஃபுல் கன்ட்ரோல்" என்ற வரியும் இருக்கும். இந்தக் குழுவின் எண் எஸ்-1-5-32-544, உலகின் எல்லா விண்டோஸிலும் இதேதான். நீங்களும் அந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். ஆனாலும் கேட்கிறது, ஏனென்றால் எக்ஸ்ப்ளோரர் ஓடுவது வடிகட்டிய டோக்கனில், அதில் அந்தக் குழுவின் பலம் செல்லாது.

"கன்டினியூ" அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே அழுத்த வேண்டும். அது ஒரு முறை எட்டிப் பார்க்கும் அனுமதி இல்லை. உங்கள் கணக்கின் பெயரை அந்த ஃபோல்டரிலும் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் கோப்பிலும் ஃபுல் கன்ட்ரோலோடு எழுதி வைக்கிறது. பல ஆயிரம் படங்கள் உள்ள ஃபோல்டரில் பச்சைப் பட்டை மெதுவாக ஊர்வது இதனால்தான். பாதியில் நிறுத்தினால் பாதிக் கோப்புகள் திறக்கும், மீதி திறக்காது. சொந்தப் படங்கள், ஆவணங்கள் உள்ள ஃபோல்டருக்கு இது போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளோ ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளோ ஆர்வத்தில் அழுத்தக் கூடாது. எழுதிய அனுமதி தானாக நீங்காது.

"கன்டினியூ" அழுத்தியும் மறுத்தால், அல்லது அழிக்கப் போகும்போது "எஸ்-1-5-21..." என்பவரிடம் அனுமதி வாங்கு என்று சொன்னால், உரிமையாளரை மாற்ற வேண்டும். வரிசை முக்கியம்:

1. ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே "ஓனர்" வரியில் "சேஞ்ச்" அழுத்தவும்.
2. வரும் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்யாமல் "அட்வான்ஸ்டு", "ஃபைண்ட் நவ்" அழுத்திப் பட்டியலிலிருந்து கணக்கைத் தேர்வு செய்யவும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் ஆகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஈமெயிலின் முதல் ஐந்து எழுத்துகள்தான் பயனர் ஃபோல்டரின் பெயர். திரையில் தெரியும் முழுப் பெயரைத் தட்டச்சு செய்தால் கிடைக்காமல் போகும்.
3. "ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ் அண்ட் ஆப்ஜெக்ட்ஸ்" கட்டத்தில் டிக் போட்டு அப்ளை.
4. எல்லாப் பெட்டிகளையும் மூடி, ப்ராப்பர்ட்டீஸை மறுபடி புதிதாகத் திறக்கவும். திறக்காமல் அதே பெட்டியில் தொடர்ந்தால் பழைய நிலையே தெரிந்துகொண்டிருக்கும்.
5. மீண்டும் அட்வான்ஸ்டு, "ஆட்", "செலக்ட் எ பிரின்சிபல்", உங்கள் கணக்கு, ஃபுல் கன்ட்ரோல். "அப்ளைஸ் டு" வரியில் "திஸ் ஃபோல்டர், சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்" இருக்க வேண்டும்.

பெயர் தெரியாத எஸ்ஐடி வரிகளைக் கடைசியில் நீக்கலாம், விட்டாலும் கெடுதல் இல்லை. உள்ளிருக்கும் எல்லாவற்றின் அனுமதிகளையும் தூக்கி எறிந்து புதிதாக எழுதும் "ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட்..." டிக்கை, ஐந்தாவது படிக்குப் பிறகும் சில கோப்புகள் அடம்பிடித்தால் மட்டும் போடவும். டி டிரைவின் வேர் மட்டத்தில், அதாவது டிரைவ் ஐகானிலேயே, இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு ஃபோல்டராகச் செய்வது சலிப்புதான். ஆனால் ரீசைக்கிள் பின், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் போன்றவற்றின் அனுமதியும் கலைந்தால், அதன் பிறகு வரும் பிழைகளுக்குக் காரணம் தேடுவது அதைவிடச் சலிப்பு.

சி டிரைவில் ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் (விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கு உரிமையாளரான உள்ளமைந்த கணக்கு) பெயரில் உள்ள கோப்புகளின் உரிமையை ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தால் திருப்பி வைக்கவும் வழி உண்டு. ஓனர் பெட்டியில் "என்டி சர்வீஸ்", பின்சாய்வுக் கோடு, "ட்ரஸ்டட்இன்ஸ்டாலர்" என்று ஆங்கிலத்தில் முழுதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். "ஃபைண்ட் நவ்" பட்டியலில் அது வராது.

இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது: மூவ் செய்யாமல் காப்பி செய்வது. காப்பி செய்த கோப்பு புது ஃபோல்டரின் அனுமதியோடு புதிதாகப் பிறக்கிறது. அதே டிரைவுக்குள் மூவ் செய்தால் பழைய பட்டியலும் கூடவே வரலாம். டாக்குமென்ட்ஸுக்கு நகர்த்திய பிறகும் சில கோப்புகள் அனுமதி கேட்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

உரிமை, ஃபுல் கன்ட்ரோல் எல்லாம் கொடுத்தும் "ஆக்சஸ் டினைடு" வருகிறதா? கோப்பின் ஐகானில் சின்னப் பூட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இஎஃப்எஸ் முறையில் மறையாக்கம் செய்யப்பட்டது. அங்கே அனுமதிப் பட்டியல் உதவாது, பழைய கணக்கின் சான்றிதழும் சாவியும் வேண்டும். பழைய விண்டோஸ் இன்னும் இயங்கும் நிலையில் இருந்தால் அதில் லாகின் ஆகிச் சான்றிதழை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதுவரை பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக் கூடாது.

திறக்கும்போதெல்லாம் கேட்கும் பழைய மென்பொருள்

ஒரு நிரல் திறக்கும் ஒவ்வொரு முறையும் யூஏசி பெட்டி வந்தால், காரணம் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். எளியதிலிருந்து தேடலாம்.

முதலில் டிக். எக்ஸ்இ கோப்பின் (நிரலை இயக்கும் கோப்பு) ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி டேப், "ரன் திஸ் ப்ரோகிராம் ஆஸ் ஆன் அட்மினிஸ்ட்ரேட்டர்". என்றோ ஒரு பிரச்சினைக்காக யாரோ போட்ட டிக், அப்கிரேடில் அப்படியே கூட வந்திருக்கும். டிக்கை எடுக்கப் போனால் மங்கிக் கிடந்தால், "சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் ஆல் யூசர்ஸ்" அழுத்தினால் எல்லாப் பயனர்களுக்குமாகப் போட்ட டிக் தெரியும். இதே டிக் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கும்: ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸ், ஷார்ட்கட் டேப், "அட்வான்ஸ்டு" பட்டன். எக்ஸ்இயை நேரடியாகத் திறந்தால் கேட்காமல், டெஸ்க்டாப் ஐகானைத் திறந்தால் மட்டும் கேட்டால் சந்தேகமே வேண்டாம், அங்கேதான்.

அடுத்து பெயர். 32 பிட் எக்ஸ்இயில் தனக்கு என்ன அதிகாரம் வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் இல்லாவிட்டால், கோப்பின் பெயரில் "செட்டப்", "இன்ஸ்டால்", "அப்டேட்" போன்ற சொல் இருந்தாலே விண்டோஸ் அதை நிறுவும் நிரல் என்று ஊகித்து அனுமதி கேட்கும். ஒரு பழைய சிறு கருவியின் பெயர் "ரேட்-அப்டேட்" என்றிருந்தால், அது ஒரு பட்டியலைப் புதுப்பிப்பதைத் தவிர எதுவும் செய்யாவிட்டாலும் பெட்டி வரும். சில நேரம் எக்ஸ்இயின் பெயரை மாற்றினாலே போதும். பெயர் கோப்புக்குள்ளே வெர்ஷன் விவரத்திலும் எழுதப்பட்டிருந்தால் இது பலிக்காது.

மூன்றாவதுதான் ஆழமானது: நிரல் தன் தரவை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே, தன் சொந்த ஃபோல்டரிலேயே எழுதுவது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எல்லோரும் அட்மினாகவே இருந்ததால் இது யாரையும் உறுத்தவில்லை. 2007இல் விஸ்டா கடைக்கு வந்தபோது யூஏசி இதைத் தடுத்தது. தடுத்தால் பழைய நிரல்கள் எல்லாம் விழுந்துவிடுமே என்று ஒரு மாற்று ஏற்பாடும் செய்தது: மேனிஃபெஸ்ட் இல்லாத 32 பிட் நிரல் ப்ரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், அந்த எழுத்து சத்தமில்லாமல் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடப்படும். நிரலுக்கு இது தெரியாது. விண்டோஸ் 11லும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இப்படி ஓடிக்கொண்டிருந்த கணக்கு மென்பொருளை ஒருநாள் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்தால், விர்ச்சுவல்ஸ்டோர் திருப்பல் நின்றுவிடும்; அது நேராக ப்ரோகிராம் ஃபைல்ஸில் உள்ள பழைய கோப்பைப் படிக்கும். திரையில் பல மாதக் கணக்கு காணாமல் போயிருக்கும். உண்மையில் எதுவும் போகவில்லை, இரண்டு பிரதிகள் இருக்கின்றன, எந்தப் பிரதி தெரியும் என்பதை அனுமதிப் பெட்டி தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் பதறிப்போய்ப் புதிதாகக் கணக்கைத் தொடங்கினால் இரண்டு பிரதிகளிலும் வெவ்வேறு பதிவுகள் ஏறி, பிறகு ஒன்று சேர்ப்பது பெரும்பாடு. பயனருக்கு ஒரு விர்ச்சுவல்ஸ்டோர் என்பதால், ஒரே கணினியில் இருவர் தத்தம் கணக்கிலிருந்து எழுதினால் பிரதி மூன்றாகவும் ஆகும்.

நிரல் இந்த நிலையில் ஓடுகிறதா என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, "செலக்ட் காலம்ஸ்" மூலம் "யூஏசி விர்ச்சுவலைசேஷன்" நெடுவரிசையைச் சேர்க்கவும். "எனேபிள்டு" என்றிருந்தால் திருப்பல் நடக்கிறது.

சரிசெய்யும் முறை: நிரலை முழுதாக மூடவும். ப்ரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86க்குள் உள்ள நிரலின் ஃபோல்டரையும், ஒவ்வொரு பயனரின் விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள அதே பெயர் ஃபோல்டரையும் தனித்தனிப் பெயரில் வேறு டிரைவுக்குக் காப்பி எடுக்கவும். தரவுக் கோப்புகளின் "டேட் மாடிஃபைடு" பார்த்து எந்தப் பிரதி புதியது என்று உறுதி செய்யவும். நிரலின் அமைப்புகளில் தரவு ஃபோல்டரை மாற்றும் வசதி இருந்தால் டாக்குமென்ட்ஸுக்கோ டி டிரைவில் தனி ஃபோல்டருக்கோ மாற்றி, புதிய பிரதியை அங்கே வைக்கவும். மாற்றும் வசதி இல்லையென்றால், ப்ரோகிராம் ஃபைல்ஸில் உள்ள தரவு உள்ஃபோல்டருக்கு மட்டும் செக்யூரிட்டி டேபில் "யூசர்ஸ்" குழுவுக்கு "மாடிஃபை" கொடுத்து, புதிய பிரதியை அதில் வைக்கவும். நிரலின் முழு ஃபோல்டருக்கும் கொடுக்க வேண்டாம். எக்ஸ்இயை யாரும் மாற்றலாம் என்றாகிவிடும்.

கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: விர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள அந்த ஃபோல்டரின் பெயரை மாற்ற வேண்டும். அங்கே பிரதி இருக்கும்வரை, அசல் ஃபோல்டருக்கு எழுத்து அனுமதி கொடுத்தாலும் நிரல் விர்ச்சுவல்ஸ்டோர் பிரதியைத்தான் முதலில் படிக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் பழைய தரவே தெரிகிறது என்றால் இதைத் தவிர வேறு இடம் தேட வேண்டாம். இவ்வளவும் முடிந்தபின் கம்பேட்டிபிலிட்டி டிக்கை எடுத்தால், பெட்டி இல்லாமல் நிரல் திறக்கும்.

அட்மினாக ஓடும் நிரல்களால் வரும் வேறு இரண்டு தொல்லைகளையும் யூஏசியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்து அந்த நிரலில் போட்டால் ஏற்காது. குறைந்த அதிகாரத்தில் ஓடும் ஜன்னல் உயர்ந்த அதிகார ஜன்னலுக்குச் செய்தி அனுப்ப விண்டோஸ் விடாது. இரண்டாவது, மேப் செய்த நெட்வொர்க் டிரைவ் அந்த நிரலில் தெரியாது. இரண்டு டோக்கனுக்கும் லாகின் அமர்வு வேறு வேறு. இரண்டுக்குமே முதல் மருந்து, நிரலை அட்மினாக ஓட்டாமல் இருப்பது.

உண்மையிலேயே அட்மின் வேண்டுபவை

வன்பொருள் வெப்பநிலை காட்டும் கருவி, டிஸ்க்கைப் பிரிக்கும் கருவி போன்றவற்றுக்கு முழு அதிகாரம் வேண்டும்தான். எப்போதாவது திறப்பவற்றுக்குப் பெட்டி வரட்டும், ஒரு கிளிக்தானே. தினமும் திறக்கும் ஒன்றுக்கு மட்டும் டாஸ்க் ஷெட்யூலர் (சொல்லி வைத்த வேலையை இயக்கும் விண்டோஸ் கருவி) வழி உண்டு.

டாஸ்க் ஷெட்யூலரில் "கிரியேட் பேசிக் டாஸ்க்" வேண்டாம், "கிரியேட் டாஸ்க்" எடுக்கவும். இடைவெளி இல்லாத பெயர் கொடுத்து, "ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்" டிக் செய்யவும். ஆக்ஷன்ஸில் எக்ஸ்இயின் முழுப் பாதை. "ஸ்டார்ட் இன்" கட்டத்தில் அதன் ஃபோல்டர், அந்தக் கட்டத்தில் மேற்கோள் குறி போட்டால் டாஸ்க் ஓடாது. கன்டிஷன்ஸில் "ஏசி பவர்" டிக்கை எடுக்கவும், இல்லாவிட்டால் லேப்டாப் பேட்டரியில் இருக்கும்போது கிளிக் செய்தால் எதுவுமே நடக்காது, பிழைச் செய்திகூட வராது. செட்டிங்ஸில் மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்தும் டிக்கையும் எடுக்கவும். பிறகு டெஸ்க்டாப்பில் புதிய ஷார்ட்கட். இலக்காக எஸ்-சி-ஹெச்-டாஸ்க்ஸ் கட்டளை, சாய்வுக்கோடு ரன், சாய்வுக்கோடு டிஎன், டாஸ்க்கின் பெயர். கறுப்பு ஜன்னல் மின்னி மறைவது பிடிக்காவிட்டால் ஷார்ட்கட்டின் "ரன்" வரியில் "மினிமைஸ்டு" வைக்கலாம். இந்த வழியில் ஓடும் நிரல் சற்று மந்தமாகத் தோன்றினால், டாஸ்க்குகளுக்கு இயல்பாகக் கிடைப்பது சாதாரணத்துக்குக் கீழான முன்னுரிமை என்பதுதான் காரணம்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த எக்ஸ்இ ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்தான் இருக்க வேண்டும். டி டிரைவின் ஃபோல்டர்களில் இயல்பாகவே லாகின் ஆன எவரும் எழுதலாம். அங்கே இருக்கும் எக்ஸ்இக்கு இப்படிக் கேள்வியில்லாத டாஸ்க் போட்டால், அதே பெயரில் வேறு கோப்பை வைக்கும் எந்த நிரலும் முழு அதிகாரம் பெற்றுவிடும்.

ஸ்லைடர்

விஸ்டாவில் எதற்கும் கேட்டுக் கேட்டு வெறுப்பேற்றியதால் 2009இல் விண்டோஸ் 7 நான்கு நிலைகளோடு ஸ்லைடரைக் கொண்டுவந்தது. இயல்பு நிலை மேலிருந்து இரண்டாவது. அதில் விண்டோஸின் சொந்தக் கருவிகளில் சில கேட்காமலே உயர்ந்துவிடும். டாஸ்க் மேனேஜர் சும்மா திறப்பதும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் கேட்பதும் அதனால்தான். மூன்றாவது நிலை, கேட்கும், ஆனால் திரையை மங்கவைக்காது. அந்த மங்கல் வெறும் அலங்காரம் கிடையாது, மற்ற நிரல்கள் எட்ட முடியாத தனி டெஸ்க்டாப் அது. மங்கல் இல்லாவிட்டால் பெட்டியோடு வேறு நிரல் விளையாட வாய்ப்பு உண்டு. தொலைவிலிருந்து ஒருவர் உங்கள் கணினியைச் சரிசெய்யும்போது பெட்டி வந்ததும் அவர் பக்கம் திரை தெரியாமல் போனால், அந்தச் சற்று நேரத்துக்கு மட்டும் மூன்றாவது நிலைக்கு இறக்கி, முடிந்ததும் ஏற்றிவிடலாம். கேட்கவே கேட்காத நான்காவது நிலையை அட்மின் கணக்கில் பயன்படுத்த ஒரு நல்ல காரணமும் தோன்றவில்லை.

மீதமுள்ளவை

இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு ஒவ்வொரு முறையும் எச்சரித்தால், ப்ராப்பர்ட்டீஸின் அடியில் "அன்பிளாக்" டிக் செய்தால் நிற்கும். ஜிப் என்றால் பிரிக்கும் முன்பே ஜிப்பை அன்பிளாக் செய்துவிடவும், பிரித்த பிறகு கோப்புக்குக் கோப்பு செய்ய வேண்டிவரும். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த கோப்புக்கு மட்டும்.

ஃபயர்வால் பெட்டியில் "கேன்சல்" அழுத்தினால் பெட்டி மறுபடி வராது, நிரலும் நெட்வொர்க்கில் வேலை செய்யாது. கேன்சல் செய்தாலும் தடை விதி ஒன்று எழுதப்படுவதுதான் காரணம். விண்டோஸ் செக்யூரிட்டியில், ஃபயர்வால் வழியாக ஆப்களை அனுமதிக்கும் பக்கத்தில் அந்த நிரலின் வரியை நீக்கி, நிரலை மறுபடி திறந்தால் கேள்வி திரும்ப வரும். இம்முறை "பிரைவேட்" மட்டும்.

பக்கத்து கணினியின் பிரின்டர் டிரைவருக்கு அட்மின் பாஸ்வேர்டு கேட்பது, 2021 ஆகஸ்ட் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பிறகு இயல்பு நிலை. இரண்டு கணினியிலும் ஒரே பதிப்பு டிரைவரை அட்மின் கணக்கிலிருந்து ஒருமுறை நிறுவினால் அடங்கும். இந்தக் கட்டுப்பாட்டை ரெஜிஸ்ட்ரியில் அணைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். அந்தப் புதுப்பிப்பு அடைத்த ஓட்டை உண்மையான ஓட்டை.

ஷேர் செய்த ஃபோல்டர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால், அது கேட்பது அந்தக் கணினியில் உள்ள கணக்கின் பாஸ்வேர்டை. தினமும் லாகின் ஆகப் பயன்படுத்தும் பின் எண் இங்கே செல்லாது, அது அந்தந்தக் கணினியோடு நின்றுவிடும். முன்பு எதையும் கேட்காமல் திறந்த என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் மாட்டும் தனிச் சேமிப்புக் கருவி) விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்புக்குப் பிறகு திறக்க மறுத்தால், காரணம், கெஸ்ட் அணுகல் (பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவது) அந்தப் பதிப்பில் இயல்பாக மூடப்பட்டுவிட்டது. என்ஏஎஸ்ஸில் பாஸ்வேர்டோடு ஒரு பயனரை உருவாக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸில் சேர்த்துவிட்டால் மறுபடி கேட்காது.

அப்கிரேடு வழியில் வந்தவர்களுக்கு சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் இருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாகப் பத்து நாள் அவகாசம், பிறகு விண்டோஸே அழித்துவிடும். அதற்கு முன் அதனுள் "யூசர்ஸ்" ஃபோல்டரில் விட்டுப்போன கோப்பு ஏதாவது இருக்கிறதா பார்த்து, இருந்தால் காப்பி செய்துகொள்ளவும். எக்ஸ்ப்ளோரரில் டெலீட் அழுத்தி அழிக்க முயன்றால் இதுவரை சொன்ன எல்லா அனுமதிப் பெட்டிகளும் ஒவ்வொன்றாக வரும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போய் "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்ஸ்" டிக் செய்து நீக்கினால் ஒரு கேள்வியும் இல்லாமல் போய்விடும்.